கழுவி வந்த கேரியர்

வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் கட்டிலருகே மண்டி போட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நின்றபடி குனிந்து அழுத்தினால் விரல்நுனி குத்தும். நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார். உள்ளே இருப்பது எதுவும் கைக்குப் பிடிபடாது. விருத்தாசலத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் மண்டி போட்டேன். படுத்திருந்த பெரியவர் பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எழுந்திருங்க சார், யாராச்சும் பாத்தா என்னா நெனப்பாங்க" என்றார். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அங்கே எனக்குப் பேச ஆளில்லை. பெரிய டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து ஆபரேஷன்களை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் வருகிற எல்லா வயிற்றுக்கும் நான்தான். என்னோடு படித்தவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க வீட்டிலேயே யாராவது டாக்டர் இருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திட்டக்குடிப் பக்கம் அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். போனில் அப்பா கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு எத்தினி பேருக்கு ஊசி போட்ட?" யாருக்கும் போடவில்லை என்றால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தது இப்படி ஒரு நாளில்தான். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிற வேலை. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. அவரை உட்காரச் சொன்னேன். பேசியது அந்த அம்மாதான்.

"வாயு சார். நாலு மாசமா வயித்த புடிச்சிகினு குந்திடுறாரு. ஒடம்பு உருகிப் போச்சி."

"சாப்பாடு எப்படி?"

"அதெல்லாம் நல்லா சாப்புடுறாரு. கேரியரு ஒரு பருக்கை இல்லாம வருது. கழுவி வேற கொண்டாறாரு."

அவர் சட்டென்று தலையாட்டினார்.

நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனாலும் இளைக்கிறார். அப்படி எழுதிக்கொண்டால் வழி ஒரு பக்கமாகத்தான் போகும். சர்க்கரை பார்த்தேன். தைராய்டு பார்த்தேன். மண் தூசியில் வேலை என்பதால் நெஞ்சுப் படமும் சளியும் பார்த்தேன். எதுவும் இல்லை. கேமரா விட்டுப் பார்த்ததில் இரைப்பை லேசாகச் சிவந்திருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம் சத்தா குடுங்க. தெனமும் ரெண்டு முட்டை வைங்க" என்று அந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது எடை இன்னும் இரண்டு கிலோ குறைந்து நாற்பத்தாறு ஆகியிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரி கேரியர்ல ஒரு அடுக்கு கூட வெக்கிறேன் சார். முட்டை வெக்கிறேன். எல்லாமே காலியாத்தான் வருது" என்றார் அந்த அம்மா. ஏதோ தன் சமையலில் குறை இருப்பதுபோலக் குரல் தாழ்ந்திருந்தது.

நான் மாத்திரையை மாற்றி எழுதி, நாலு நாளில் வரச் சொன்னேன். இதைத் தவிர வேறு தெரியவில்லை. கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஒருவன் கட்டைவிரல் போட்டான். இன்னொருவன் புற்றாக இருக்கும் என்றான். பிறகு யாரோ ஒருவனின் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் என் அறையில் படுத்திருந்தேன். மெஸ்ஸில் எல்லோரும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். தனியாகப் போய் உட்காரப் பிடிக்காமல் பல நாள் மதியம் போகமாட்டேன். அம்மா போன் செய்து, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் "சாப்ட்டேன்மா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அந்த வேகம் உறைத்தது. கேரியரைப் பற்றி அந்த அம்மா சொன்னதும் அவர் புருஷன் தலையாட்டிய வேகமும் அதுதான்.

மறுநாள் அவர்கள் வந்ததும், "அம்மா, வெளிய போயி டீ குடிச்சிட்டு வாங்க, கொஞ்ச நேரமாவும்" என்று அனுப்பினேன். கதவைச் சாத்தினேன்.

"நேத்து மதியம் சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் சார்."

"என்ன கொழம்பு?"

அவர் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வாய்தான் சார் எறங்குது" என்றார். "நெறைய துன்னா அரை மணி நேரத்துல புடிச்சிக்கும். துணி முறுக்குற மாதிரி. ரெண்டு மணி நேரம் உயிர எடுத்துட்டுத்தான் வுடும். சோத்த பாத்தாலே பயமா இருக்குது."

"மிச்சத்த என்ன பண்றீங்க?"

"கம்பெனில வடக்குப் பசங்க இருக்கானுங்க. அவனுங்களுக்குக் குடுத்துட்டு, கொழாயில கழுவிடுவேன்."

"வூட்டுல சொல்லியிருக்கலாமே?"

"மொத தடவ மிச்சம் வெச்சேன் சார். தன் கைப்பக்குவம் புடிக்கலன்னு நெனச்சி ரெண்டு நாளு அவளும் சாப்புடல. அதோட வுட்டுட்டேன்."

அவரிடம் கேட்டிருக்க வேண்டியதை இத்தனை நாளும் அவர் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இதில் என் முட்டை வேறு. பசிக்கிறது, ஆனால் சாப்பிட்டால் வலிக்கும் என்று சாப்பாட்டுக்கே பயப்படுகிறவர். புத்தகத்தில் அரைப் பக்கமாக இருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் சுருங்கிவிட்டால், சாப்பிட்டதும் அதிகமாகத் தேவைப்படும் ரத்தம் போய்ச் சேராது. அதனால்தான் வலிக்கும்.

குடலில் சுருங்குகிறவர்களுக்குக் காலிலும் குழாய் சுருங்கியிருக்கலாம் என்பதால், நடந்தால் கால் வலிக்குமா என்று கேட்டேன். ட்ராலி தள்ளும்போது கெண்டைக்கால் இழுக்கும், நின்றால் சரியாகிவிடும் என்றார். பீடி ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. பாதத்தின் மேல் விரல் வைத்தேன். இரண்டு காலிலும் நாடி தட்டவில்லை.

படுக்கச் சொல்லி மண்டி போட்டேன். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிறு முழுக்கத் தடவிப் பார்த்தேன். மிருதுவாக இருந்தது, எங்கும் கட்டி இல்லை. தொப்புளுக்கு மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "மூச்ச அடக்குங்க" என்றேன். ஒவ்வொரு துடிப்புக்கும், மிதித்த ரப்பர் குழாயில் தண்ணீர் போவதுபோல ஒரு சீறல் கேட்டது. எனக்கே நம்பிக்கை வராமல் மூன்று முறை கேட்டேன். வேறு யாராவது ஒருவர் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று சிஸ்டரைக் கூப்பிட்டுக் காதில் மாட்டினேன்.

"என்னமோ கேக்குது. பசி சத்தமா சார்?" என்றார்.

அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை.

குழாய் முழுதாக அடைத்துவிட்டால் குடல் செத்துவிடும், பிறகு சில மணி நேரம்தான், உடனே பாண்டிச்சேரிக்குப் போய் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது வேறு: "அவகிட்ட கேரியர் சங்கதிய மட்டும் சொல்லாதீங்க சார்."

"சொல்லாம அனுப்ப முடியாதுங்க. அங்கயும் அவங்களத்தான் கேப்பாங்க."

அந்த அம்மா வந்ததும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் பேசினார்.

"நாலு மாசமா எவன் துன்னான்?"

"பசங்க."

"எந்தப் பசங்க?"

"வடக்குப் பசங்க."

"முட்டையுமா?"

"முட்டையுந்தான்."

அந்த அம்மா ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "எந்த பஸ்ஸுல போவணும்னு எழுதிக் குடுங்க சார்" என்றார்.

போய்விட்டார்கள். இரண்டு வாரம் எந்தத் தகவலும் இல்லை. அந்த அம்மா கொடுத்த எண்ணுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. நான் கேட்ட சத்தம் உண்மையா, புத்தகம் படித்ததால் கேட்டதா என்று ஒவ்வொரு நாளும் மாறி மாறித் தோன்றியது. ஒருவேளை வழியிலேயே அடைத்திருந்தால் என்றும் தோன்றியது. இதை யாரிடம் சொல்வது? அப்பாவிடம் ஊசிக் கணக்கு சொன்னேன்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா மட்டும் அறைக்குள் வந்தார். பின்னால் யாரும் வரவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அடைப்பு இருந்திச்சாம் சார். உள்ள கம்பி மாதிரி ஒண்ணு வெச்சி வுட்டிருக்காங்க" என்றார். "இப்ப என் எதுர்லதான் குந்தி சாப்புடுறாரு. வலிக்கலன்னு சொல்றாரு." மேஜைக்கு அருகே நகர்ந்து வந்தார். "நம்பலாமா சார்?"

"அவரு எங்க?"

"வெளிய குந்தியிருக்காரு. மொதல்ல நான் தனியா கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவரைக் கூப்பிட்டு எடை மெஷினில் ஏறச் சொன்னேன். ஏறினார். நான் குனிவதற்குள் அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முள்ளுக்கு நேராகக் குந்திவிட்டார்.

"செருப்ப கழட்டிட்டு ஏறுங்க" என்றார்.

அவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி ஏறினார்.

"சட்டப் பையில என்னா?"

செல்போனை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தார். முள் ஆடி நாற்பத்தொன்பதில் நின்றது. அது முழுசாக நிற்கும்வரை அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.