கட்டைவிரலில் போட்ட கோடு

பள்ளியில் நான்காம் ஆண்டில் எங்களுக்குக் காட்சிக்கலை என்று ஒரு பாடம் இருந்தது. மற்ற ஆசிரியர்கள் அதை ஒரு பாடமாகவே மதித்ததில்லை. கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது காட்சிக்கலை நேரம்தான். ஆனால் அந்த வருடம் ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார். கேமரன் மலைக் குளிர் தாங்காமல் சுவெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு நிற்பார். எந்தப் படத்தைப் பிரித்துப் பார்த்தாலும் அதில் சில அடிப்படைக் கூறுகள்தான் இருக்கும் என்று சொல்லி, கோடு, வடிவம், வண்ணம், பரப்பு, வெளி என்று வெண்பலகையில் எழுதிப்போட்டார். முதலில் கோடு. கோடு இல்லாமல் எதுவுமே இல்லை என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லைன் என்றால் ஒரே அர்த்தம்தான். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். லைன் என்றால் என்ன என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டபோது நான் எழுந்து, "கீழ் லைன், டீச்சர். கடைசி வீடு" என்றேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சரியான பதில்தானே. டீச்சர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கடைசி வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா நான் பள்ளியில் சேர்ந்த வருடமே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவருக்குக் கொடுத்திருந்த வீட்டில் அம்மா இருந்துகொள்ளலாம் என்றார்கள், தோட்டத்தில் வேலை செய்கிறவரைக்கும். அம்மாவுக்குக் கொழுந்து வெட்டும் வேலை இல்லை. அதற்கு இயந்திரம் வந்துவிட்டது, இயந்திரத்தைப் பிடிக்க வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆண்கள் வந்துவிட்டார்கள். அம்மாவுக்குப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்க வேண்டும். மருந்தைத் தண்ணீரில் கலப்பதும் அவரும் அவரோடு வேலை செய்த இரண்டு பெண்களும்தான். கையுறை கொடுத்திருந்தார்கள். அது கிழிந்தால் அடுத்தது வருவதற்குள் கேட்டதே மறந்துபோகும்.

கோட்டுப் பாடத்துக்கு டீச்சர் ஒரு வீட்டுவேலை கொடுத்தார். வீட்டில் உள்ளவர்களின் கட்டைவிரலை வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்துக் கொண்டுவர வேண்டும். உலகத்தில் ஒருவர் விரலில் உள்ள கோடு இன்னொருவருக்கு வராதாம், இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட வராதாம். நாம் பிறக்கும்போதே கையில் ஒரு படத்தோடு பிறக்கிறோம் என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

என் விரல் அழகாகப் பதிந்தது. சுழித்துச் சுழித்துப் போகிற மெல்லிய கோடுகள். அம்மாவின் விரலை வைத்து எடுத்தால் வெறும் பச்சைத் திட்டு. எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி ஒரு வட்டம், அவ்வளவுதான். ஒழுங்காக அழுத்தவில்லை என்று அம்மாவைக் கடிந்துகொண்டேன். மறுபடி வைத்தார், மறுபடியும் திட்டு. அம்மா விரலை விளக்குக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாயம் சரியில்லை போலிருக்கிறது என்றார். அவரை நம்பி மதிப்பெண்ணை இழக்க நான் தயாராக இல்லை. திட்டு காய்ந்ததும் கறுப்புப் பேனாவை எடுத்து அதன் மேல் நானே கோடுகளைப் போட்டுவிட்டேன். மறுநாள் டீச்சர் அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, அம்மாவின் கோடு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்று வகுப்புக்கே காட்டினார். இல்லாத கோட்டைப் போட்டுவிட்டால் அது இருந்த கோடு ஆகிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பள்ளியில் நான் கற்ற பாடங்களில் இவ்வளவு உறுதியாக வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் தோட்டத்துக்குக் கைரேகை இயந்திரம் வந்தது.

அதுவரை பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுகிற இடத்தில், கங்காணி பெயரைக் கூப்பிடுவார், இருக்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள். இனி குரல் வேண்டாம், விரல் போதும் என்றார்கள். கொட்டகைத் தூணில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். விரல் ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரியும், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் மலாயில் "தெரிமா காசே" என்று நன்றி சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், அதே குரல் "சீலா சூபா லாகி", மறுபடி முயற்சி செய்யுங்கள் என்று சொல்லும். தோட்டத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அந்தக் குரலைக் கேட்பதற்கென்றே சிலர் முதல் வாரத்தில் இரண்டு தடவை விரலை வைத்தார்கள்.

அம்மாவுக்கு அந்தக் குரல் ஒரு தடவைகூட நன்றி சொல்லவில்லை. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற கிராணி நல்ல மனிதர். அம்மாவின் விரலைத் தன் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், வாயால் ஊதிச் சூடாக்கச் சொன்னார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"கோசோங் லா, அக்கா. ஒன்னுமே இல்ல."

காலி என்பதற்கு எங்கள் பக்கம் எல்லாரும் சொல்லும் மலாய்ச் சொல் அது. தோம்பில், அதாவது பீப்பாயில், தண்ணீர் இல்லாவிட்டால் கோசோங், சட்டைப் பையில் காசு இல்லாவிட்டால் கோசோங். ஒரு மனுஷியின் விரலைப் பார்த்து அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மாவோடு மருந்தடித்த மற்ற இரண்டு பெண்களுக்கும் அதே கதைதான். மூன்று பேரின் பெயரையும் கிராணி கையால் எழுதி வைத்துக்கொண்டு சமாளித்தார். பிறகு மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள், கையால் எழுதுவது செல்லாதென்று. இயந்திரத்தில் பெயர் ஏறாவிட்டால் பெரட்டில் பெயர் இல்லை. பெரட்டில் பெயர் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வீடும் இல்லை. திங்கட்கிழமை காலை தோட்டத்து மேலாளர் துரையே வந்து நிற்பார், கடைசியாக ஒரு முறை பார்ப்போம் என்று கிராணி வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லும்போது அவர் எங்கள் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவின் கட்டைவிரலுக்குக் கிடைத்த உபசாரம் எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடக் கிடைத்ததில்லை. தேங்காயெண்ணெய் தடவினார். யாரோ சொன்னார்கள் என்று பாலில் ஊறவைத்தார். துணி சுற்றிக்கொண்டு இடக்கையால் சமைத்தார். கோயிலுக்குப் போய் அம்மனிடம் விரலைக் காட்டிவிட்டு வந்தார். துணியைப் பிரித்துப் பார்ப்பார், மறுபடி சுற்றிக்கொள்வார். அம்மா அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு விளையாட்டுக்குக் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஒரு லோரி வந்து எங்கள் லைனுக்குப் பின்னால் இரும்புக் கட்டில்களை இறக்கிவிட்டுப் போனது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கிற இரட்டைக் கட்டில்கள், புதுச் சாயத்தின் வாசனையோடு. லைன் பிள்ளைகள் எல்லாரும் அதில் ஏறிக் குதித்தோம். நான் ஒரு மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, எங்கள் சமையலறை ஜன்னலில் நின்ற அம்மாவுக்குக் கையாட்டினேன். அவர் பதிலுக்குக் கையாட்டவில்லை. விரலில் துணி சுற்றியிருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் என் யோசனையைச் சொன்னேன். பேனாவால் போட்டுவிடலாம், டீச்சரே கண்டுபிடிக்கவில்லை, பெட்டி என்ன கண்டுபிடிக்கப் போகிறது என்றேன். அம்மா சிரிப்பார் அல்லது திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, துணியை அவிழ்த்து, கையை என் மடியில் வைத்தார்.

"போடு" என்றார்.

அவ்வளவு நேரம் அந்தக் கையை நான் அதற்கு முன் பிடித்திருந்ததில்லை. நகத்தைச் சுற்றி மஞ்சளாக இருந்தது. விரல் நுனி மெழுகு போட்டுத் தேய்த்த தரை மாதிரி வழவழவென்றிருந்தது, நடுவில் ஓர் இடத்தில் வெடிப்பு. பார்த்து வரைய வேறு எதுவும் இல்லை என்பதால் என் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் கோடுகளையே அம்மா விரலில் போட்டேன். நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றி இன்னொன்று, பிறகு இரண்டு பக்கமும் இறங்குகிற கோடுகள். வழவழப்பில் முனை வழுக்கியது. அழுத்திப் போட்டேன். பேனா முனை வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. பயந்துபோய் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஒன்னும் தெரியல. நீ போடு."

என் அம்மாதான் உலகத்திலேயே தைரியசாலி என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிச் சீருடையிலேயே பெரட்டுக்கு அவரோடு போனேன். பனியில் எதிரே நிற்கிறவர் முகம் தெரியவில்லை, கொட்டகை விளக்கு மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் வரிசையில் போய் ஒவ்வொருவராக நன்றி வாங்கிக்கொண்டு லோரியில் ஏறினார்கள். மற்ற இரண்டு பெண்களையும் முதலில் கூப்பிட்டார்கள். சிவப்பு. பிறகு அம்மா. காலணி, தொப்பி, முதுகில் பம்பு என்று வேலைக்குப் போகிற மாதிரியே வந்திருந்தார். மூடியிருந்த கையைப் பெட்டிக்குப் பக்கத்தில் போன பிறகுதான் திறந்தார்.

சீலா சூபா லாகி.

கிராணி குனிந்து விரலைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். என் கையில் பேனா இல்லை, ஆனால் என் விரல்களில் மை இருந்தது. அதைப் பற்றி எதுவும் கேட்காமல், இன்னொரு வாட்டி வையுங்கள் அக்கா என்று மெதுவாகச் சொன்னார். மறுபடியும் அதே குரல். லோரியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாராவது சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. துரை எட்டிப் பார்த்துவிட்டு, விரலில் என்னம்மா அது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அம்மா விரலை மடித்துக்கொண்டார்.

"சரிம்மா, ஆபீசுக்கு வாங்க. பேசிக்கலாம்" என்றார் துரை.

பேசிக்கலாம் என்றால் பேசி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. லோரி கிளம்பிப் போன பிறகும் அம்மா பம்பை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். வியர்வையில் கோடுகள் கலங்கிக் கறுப்பாக ஒட்டியிருந்தன.

"கோடு கோணலா போயிடுச்சாம்மா?"

அம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா. கொஞ்சம் கோணலாயிடுச்சி" என்றார்.

அந்த மாதம் முடிவதற்குள் மாமா லோரியைக் கொண்டுவந்தார். அவர் அம்மாவின் தம்பி, லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் காய்கறி ஏற்றுகிறவர். எங்கள் சாமான் லோரியில் பாதிகூட வரவில்லை. வீடு காலியானதும் நான் உள்ளே ஓடிப் பார்த்தேன், அவ்வளவு பெரிய வீடா அது என்று ஆச்சரியமாக இருந்தது. டீச்சர் வெளியைப் பற்றி இன்னும் நடத்தியிருக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு நான் இருக்கவுமில்லை. கோடு போனது, அதோடு லைனும் போனது.

பெர்த்தாமில் பிளாஸ்டிக் கூரைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை அறையில் இருந்தோம். அம்மா முட்டைக்கோஸ் வெட்டப் போனார். கத்தி அடிக்கடி கையிலிருந்து நழுவும். விரலில் வெட்டு விழுந்தால் இரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியும். அங்கே யாரும் விரலைக் கேட்கவில்லை. பெயரையும் கேட்கவில்லை, வேண்டாம் என்றால் நாளைக்கு வராதே என்பதோடு சரி. கூரையில் மழை விழும்போதெல்லாம் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். என் கோடு கோணலானதால்தான் என் மேல் கோபம் என்று நான் முழுதாக நம்பினேன். அந்த வருடம் கிடைத்த தாளிலெல்லாம் கட்டைவிரலை வரைந்துகொண்டிருந்தேன். அடுத்த தடவை கூப்பிடும்போது தயாராக இருக்க வேண்டுமே.

இயந்திரம் ஒதுக்கிய மூன்று பேரும் மருந்து கலந்த மூன்று பேர் என்பதை நான் கூட்டிப் பார்த்ததே வளர்ந்த பிறகுதான். நான் ஏறிக் குதித்த கட்டில்கள் திங்கட்கிழமைக்கு முன்பே, சனிக்கிழமையே, வரப்போகிற வெளிநாட்டு ஆட்களுக்காக எங்கள் வீட்டையும் சேர்த்து எண்ணி இறக்கப்பட்டவை. அம்மா அவற்றை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் மறுநாள் என் மடியில் கையை வைத்தார். தேய்ந்துபோனதை அவர் யாரிடம் கேட்டு வாங்குவார்? கோணல் என்றால் திருத்திவிடலாம். திருத்திவிடக்கூடிய ஒரு தப்பாவது அந்தக் காலையில் அவருக்குத் தேவைப்பட்டது, எனக்காகவோ அவருக்காகவோ. அவ்வளவுதான் அவர் சொன்ன பொய்.

அன்றைக்கு எனக்கு அது எங்கே விளங்கியது? ஒரு நாள் பலகை அறையில் நான் வரைந்து முடித்த தாளை அவரிடம் நீட்டி, இப்போது நேராக இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலை அந்தப் படத்தின் மேல் வைத்து மூடிக்கொண்டார். இன்னும் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நான் அடுத்த தாளை எடுத்துக்கொண்டேன்.