அரிக்குதுன்னு எழுதுங்க

அமலோற்பவமேரி கையால் கருணைக்கிழங்கு சாப்பிட்டு நாக்கு அரித்தவர் ஒலக்கூர் வட்டாரத்தில் ஒருவர்கூடக் கிடையாது. இதை அவரே சொல்லுவார். யாரும் கேட்காமலே சொல்லுவார். முப்பது வருஷமாகக் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சமைக்கிறவர். பிரியாணியில் அவரை மிஞ்ச ஆள் உண்டு, சாம்பாரிலும் உண்டு. கருணையில் இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி மீன் கிடையாது அல்லவா? சிலுவைப்பாதை முடிந்து பசியோடு வருகிற ஊருக்கு அவர் போடும் கருணை வறுவல்தான் மீன். பங்குச் சாமியாரே இரண்டாந்தடவை கேட்டு வாங்கினார் என்று அவர் வீட்டுக்காரர் சவரிநாதன், டிராக்டர் ஓட்டுகிறவர், ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

கலைமதி அவரைத் தேடி வந்ததும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான். கலைமதி கிழங்குப் பயிர்களை ஆராய்கிறவர். வயது நாற்பது, செருப்பில் எப்போதும் சேறு. நெல்லையும் கரும்பையும் ஆராய ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கருணையைச் சீந்துவாரில்லை. அதில் அவருக்குத் தீராத கோபம். திண்டிவனத்துக்கு வெளியே இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ஒன்றோடொன்று மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய அறுபது வகைக் கருணையை வளர்த்திருந்தார். விதையிலிருந்து வந்த செடி சாப்பிடுகிற அளவுக்குக் கிழங்கு வைக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதன் பிறகுதான் அரிக்குமா, அரிக்காதா என்று தெரியும். அரித்தால் அத்தனை வருஷமும் போச்சு.

அறுபது வகையின் இலைகளையும் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணுக்களைப் படித்தாகிவிட்டது. இனி எட்டுப் பேர் எல்லாக் கிழங்கையும் தின்று, அரிப்புக்குச் சைபரிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் எந்த மரபணு அரிப்பைக் கொண்டுவருகிறது என்று பிடிபட்டுவிடும். அப்புறம் நாற்றின் இலையை வைத்தே சொல்லிவிடலாம். ஆறு வருஷ உழைப்பு, பத்து நாள் சமையலில் வந்து நின்றது.

"வெறும் தண்ணிதான்க்கா. உப்பு வேணாம், மஞ்சள் வேணாம். ஒரே பதமா இருபது நிமிஷம் வேகணும், அவ்ளோதான்" என்றார் கலைமதி.

முதல் நாள் அவர் பக்கத்திலேயே நின்றார். ஆறு வகை வெந்தது. பம்புசெட் கொட்டகையில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள். மூன்றாவது துண்டில், அந்த வயலிலேயே வேலை செய்கிற மண்ணாங்கட்டி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு சொன்னார்:

"இன்னாம்மா அமலோற்பவம், உன் கையால துன்னு நாக்கு அரிக்குதே!"

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. இருந்தாலும் அன்று அமலோற்பவமேரிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கலைமதி வயலின் மறுகோடியில் செடிகளை அளந்துகொண்டிருந்தார். அமலோற்பவமேரி கிழங்கை நறுக்கி, புளித்தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டார். பிறகு நன்றாக அலசி, சொன்னபடியே வெறும் தண்ணீரில், இருபதே நிமிஷம் வேகவைத்தார். திருட்டுத்தனம் பண்ணுகிறோம் என்ற எண்ணம் துளியும் இல்லை. கருணையைப் புளியில் ஊறவைப்பது அவரைப் பொறுத்தவரை மண்ணைக் கழுவுவது மாதிரி. அதைப் போய் யாராவது தனியாகச் சொல்லுவார்களா? அன்று யாருக்கும் அரிக்கவில்லை. அடுத்த எட்டு நாளும் அரிக்கவில்லை. அவருக்கு உயிர் வந்தது.

பத்தாம் நாள் கலைமதி லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு தலையில் கை வைத்துவிட்டார்.

"முதல் நாள் ஆறும் அரிக்குது. மீதி அம்பத்தி நாலும் சைபர். உலகத்துல இப்படி நடக்குமா? சலிச்சுப்போய் ஆளாளுக்குச் சைபர் போட்டுட்டீங்களா?"

மண்ணாங்கட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் நாக்கு இன்னாத்துக்கு மேடம் பொய் சொல்லுது? அரிக்கல, அரிக்கலன்னு போட்டேன்!"

"அப்போ மரபணு ஒண்ணு சொல்லுது, நாக்கு ஒண்ணு சொல்லுது. இதை நம்பி யாரும் மேற்கொண்டு பணம் தரமாட்டாங்க. வயலை மூட வேண்டியதுதான்" என்றார் கலைமதி. "ஆறு வருஷம்" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார்.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அமலோற்பவமேரிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கலைமதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"மேடம், நான்தாங்க... ரெண்டாம் நாள்லேர்ந்து புளித்தண்ணில ஊற வச்சிக்கினுதான் வேகவச்சேன்."

"ஏன்க்கா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, வெறும் தண்ணின்னு!"

"கருணைய புளி காட்டாம மனுசருக்கு எப்டிங்க போடறது?"

கலைமதி எழுந்து வரப்போடு விறுவிறுவென்று போனார். திரும்பி வந்தபோது கோபம் பாதி இருந்தது. மீதிப் பாதி சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. கிழங்கு இன்னும் மிச்சம் இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், அதே பதம் வேண்டும் என்பதால் நீங்களேதான் வேகவைக்க வேண்டும், புளி கூடாது, முடியுமா என்று கேட்டார்.

அரிக்கும் என்று தெரிந்தே ஒருவர் வாய்க்குக் கொடுப்பதா? முடியாது என்று சொல்லத்தான் அமலோற்பவமேரி வாயெடுத்தார். "ஒம்போதாவது ஆளா நானும் துன்றேங்க. நான் துன்னாம பிறத்தியாருக்குப் போட மாட்டேன்" என்றுதான் வாயில் வந்தது.

மறுபடி அடுப்பு மூட்டினார்கள். பக்கத்தில் ஒரு குடம் மோர். முதல் நாளே அமலோற்பவமேரியின் உதடு வீங்கிவிட்டது. "இன்னாடி, குளவிக்கு முத்தம் குடுத்துக்கினு வர்றியா?" என்றார் சவரிநாதன்.

நாலாம் நாள் இருபத்திரண்டாம் எண் கிழங்கு வந்தது. தொண்டை வரை நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அமலோற்பவமேரி ஐந்து போட்டார். பக்கத்தில் மண்ணாங்கட்டியின் தாளை எட்டிப் பார்த்தார். ஒன்று. அடுத்தவர் தாளில் இரண்டு. எல்லாத் தாளிலும் அப்படித்தான்.

"அண்ணே, கண்ணுல தண்ணி ஊத்திக்கினு கீது. ஒண்ணு போட்டு வச்சிக்கினு கீறீங்க?"

"ஒனக்குச் சங்கடமாப் பூடும்னுதாம்மா..."

அவ்வளவுதான், அமலோற்பவமேரி பொங்கிவிட்டார். "என் மூஞ்சிக்காவ யாரும் மார்க் போடாதீங்க! இந்தம்மா ஆறு வருசமா பேஜாருபட்டுக்கினு கீது. அரிக்குதுன்னா அரிக்குதுன்னு எழுதுங்க. நல்லா பெருசா எழுதுங்க!"

சொல்லச் சொல்ல அவருக்கே அழுகை வந்தது. கலைமதி புதுத் தாள் கொடுத்தார். அதுவரை வந்த கிழங்குகளை எல்லாரும் மறுபடி தின்று, இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி போட்டார்கள்.

ஏழாம் நாள் நாற்பத்தோராம் எண். வழக்கமாக மென்று முடிப்பதற்குள் நாக்கு நுனியில் ஆரம்பித்துவிடும். அமலோற்பவமேரி காத்திருந்தார். ஒன்றும் இல்லை. மற்ற எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எழுந்துபோய், எவனாவது புளி போட்டானோ என்று பாத்திரத்தை முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு துண்டு தின்றார்.

"ஒண்ணுமே இல்லீங்க மேடம்."

எத்தனையோ பந்திகளில் எத்தனையோ பேர் அவருடைய கைப்பக்குவத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். அவர் பக்குவம் துளியும் படாத அந்தத் துண்டுக் கிழங்கு கொடுத்த சந்தோஷத்தை எந்தப் புகழும் கொடுத்ததில்லை. ஒன்பது தாளிலும் சைபர். ஒருவரும் அதைச் சந்தேகப்படவில்லை.

அறுபதில் ஐந்து தேறியது. இரண்டு மாதம் கழித்துக் கலைமதி போன் செய்தார். அந்த ஐந்துக்கும் மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே அடையாளம் இருக்கிறதாம். இனி விரலளவு நாற்றிலேயே நல்லதைப் பொறுக்கிவிடலாமாம்.

"அப்ப யாரு வச்சாலும் அரிக்காதா மேடம்?"

"யாரு வச்சாலும் அரிக்காதுக்கா."

அமலோற்பவமேரி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். தான் சொன்னது என்னவென்று கலைமதிக்கும் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். "அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. நேத்து கல்யாணம் ஆன பொண்ணு வச்சாக்கூட அரிக்காதுன்னா எம்மாம் நல்லது! ஜல்தியா வளத்துக் கொண்டாந்து குடுங்க மேடம், எல்லாரும் துன்னட்டும்."