ஆற்றடி நாட்டின் கடைசிப் பாகம்

டாலிகஞ்ச் மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சங்க மலரின் ஆசிரியர் போன் செய்தார். "வேதவல்லி அக்கா காலமாயிட்டாங்க. நீங்கதான் அவங்களுக்கு நெருக்கம். நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க."

"எழுதறேன். நல்லதா வருமான்னு சொல்ல முடியாது" என்றேன். அவர் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வேதவல்லி அக்காவை மாயக்கதைகளின் ஆசிரியராகத்தான் உங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் பக்கத்து மேஜை. குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேலே மாடி வீடு. கழித்துப்போட்ட படிவங்களின் பின்பக்கத்தில் இல்லாத நாடுகளுக்கு வரைபடம் போடுவார். கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் நான்தான் தட்டச்சு செய்து கொடுப்பேன். அந்த நாட்களில் அவரைப் பெரிய மனுஷி என்றே நம்பினேன்.

எங்கிருந்து இதெல்லாம் வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். "கற்பனைன்னு தனியா ஒண்ணு கிடையாதுடி. பக்கத்து வீட்டுல நடந்ததை எடுத்துத் தண்ணிக்கு அடியில வை. மாயம் ஆயிடும்" என்றார். சிரித்தேன். பக்கத்து வீடு எங்கள் வீடு என்பது அப்போது உறைக்கவில்லை.

என் தம்பி முரளி பத்தொன்பது வயதில் போனான். துர்கா பூஜையின் கடைசி நாள், கிளப் பையன்களோடு சிலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். மற்றவர்கள் ஏறி வந்தார்கள். உடல் கிடைக்கவேயில்லை. வேதவல்லி அக்கா பதினைந்து நாள் எங்கள் வீட்டுக்குச் சமைத்துப் போட்டார். அதை மறைக்க மாட்டேன்.

மறு வருஷம் 'ஆற்றடி நாடு' பத்திரிகையில் தொடராக வந்தது. தட்டச்சுக்கு அதை மட்டும் என்னிடம் கொடுக்கவில்லை. கங்கைக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம். சிலையோடு மூழ்கிய ஒருவன் அங்கே இளவரசன். முரளியைப் போலவே இடது கையால் சாப்பிட்டு வசவு வாங்குகிறான். முரளியைப் போலவே பாதி வங்காளத்தில் பேசுகிறான்.

"நாட்டுக்கு முதல்ல சட்டம் போடணும். யாருக்கு எது கிடைக்காதுன்னு முடிவு பண்ணிட்டா கதை தானா வரும்" என்பார் அவர். அந்த நாட்டுக்கு அவர் போட்ட சட்டம் இது: கரையில் நின்று பெயர் சொல்லி அழைத்தால் உள்ளே இருப்பவனுக்குக் கேட்கும், பதில் சொல்ல மட்டும் முடியாது.

அம்மா அதைப் படித்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் படித்துறைக்குப் போய் "முரளீ" என்று கூப்பிட ஆரம்பித்தாள். டீக்கடைக்காரர்தான் பல நாள் கைபிடித்துக் கூட்டி வந்தார். "மாஷிமாவைத் தனியா விடாதீங்க, திதி" என்பார் என்னிடம். வங்காள முறையில் அம்மா அவருக்குச் சித்தி, நான் அக்கா.

மாடிக்குப் போனேன். "கதையில அவனைச் சாகடிச்சிடுங்க அக்கா. அம்மா நின்னுடுவாங்க."

"அவன் இல்லாட்டி கதை ஏதுடி?"

"அவன் எங்க வீட்டுப் பையன்."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும். படிக்கிறவங்களுக்குத் தெரியாதே" என்றார். கீழே இறங்கி வந்து அழுதேன்.

அந்த வாரம் அவர் படித்துறைக்குப் போனார். மனம் மாறி அம்மாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நம்பிப் பின்னாலேயே போனேன். படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு.

"மழை பெஞ்சா அவனுக்குக் கேக்காதோன்னு ரெண்டு தரம் கூப்பிடுவேன், வேதா" என்றாள் அம்மா. அவர் பேனா ஓடியது. அடுத்த பாகத்தில் ஒரு ராணி எழுத்து மாறாமல் அதையே சொன்னாள். அந்த வரியைப் பாராட்டாத வாசகர் இல்லை.

ஐந்து மழைக்காலம் அம்மா அப்படி நின்றாள். அடுத்ததில் படுத்தாள். டாக்டர் நிமோனியா என்றார். நான் வேறு பெயர் சொல்வேன்.

சாவு வீட்டுக்கு அவர் வந்தார். அழுதார்தான். ஆனால் அவர் கண் அம்மாவின் கால் விரலில், கட்டிய துணியில், மூலையில் கிடந்த ஈரச் செருப்பில் நின்று நின்று நகர்ந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இதை எழுதக் கூடாது. அம்மா செத்தது எங்களோடது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு "சரி" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. ஓய்வுபெற்று அவர் ஹவுராவுக்கும் நான் இங்கேயும் வந்துவிட்டோம். ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ராணி சாகாம ஆற்றடி நாட்டை முடிக்க முடியலடி. எத்தனையோ விதமா எழுதிப் பார்த்துட்டேன்."

"முடிக்காதீங்க."

இலையை மூடிவிட்டு எழுந்து போனார். கடைசியாகப் பார்த்தது அதுதான்.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அதையேதான் பேசினீர்கள். ஆறு பாகம் எழுதியவர் ஏழாவதை ஏன் எழுதவில்லை? கண் போய்விட்டது என்றார் ஒருவர். கற்பனை வற்றிவிட்டது என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. நான் வேண்டாம் என்றேன், அவர் வாக்குக் கொடுத்தார், சாகும்வரை காப்பாற்றினார். இதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆறு பாகங்களையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்ட அந்த ஒன்று என்னுடையது.