செண்பகத்தோப்பில் அப்பாவைத் தேடிய சனிக்கிழமைகள்

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு ஓடையில் காலை வைத்தால் குளிர் விறுவிறுவென்று முழங்கால் வரை ஏறும். கூழாங்கல்லில் பாசி வழுக்கும்... மேலே எங்கேயோ மலை அணில் கத்தும்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது அந்த ஓடைக்கு நானும் என் தோழி ஜெசியும் குளிக்கப் போகவில்லை. ஆள் தேடப் போனோம்.

போன வாரம் மகளோடு உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். அப்பாவை இழந்த சின்னப் பெண், கூட ஒரு தோழி, காடு, அருவி... கடைசியில் அவளுக்கு மனசு ஆறிவிடுகிறது. மகள் கர்ச்சீப்பை நனைத்துவிட்டாள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. மரத்தைப் பார்த்தால் எப்படி ஆறும்?

பிறவியிலேயே நான் சந்தேகப் பிராணி இல்லை. பதினோரு வயதில் ஆனேன்.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். வடக்கே பனிச்சரிவில் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் பெட்டி வந்தது. பெட்டியைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்களாம்.

ஐந்து நாள் கழித்து அப்பா கைப்பட எழுதிய இன்லேண்ட் லெட்டர் வந்தது. ஆடிப்பூரத் தேருக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார்.

அது முன்னாடியே போஸ்ட் செய்தது என்றார்கள். நான் நம்பவில்லை. போன லீவில், பேசாமல் ஓடிவந்து செண்பகத்தோப்பில் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது என்று அம்மாவிடம் அப்பா சொன்னதை நான் கேட்டிருந்தேன். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஸ்கூலில் எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். கணக்கு டீச்சர் என்னை மட்டும் அடிப்பதில்லை. தலையைத் தடவுகிற ஒவ்வொரு கையும் எதையோ மறைக்கிற மாதிரியே இருந்தது. பக்கத்தில் உட்காரும் ஜெசி மட்டும் தடவவில்லை. அவளையும் உடனே நம்பிவிடவில்லை... ஒரு பொய்யை ரகசியம் என்று சொல்லிவைத்து, வெளியே கசிகிறதா என்று ஒரு வாரம் பார்த்தேன். கசியவில்லை. அதன் பிறகுதான் அப்பா விஷயத்தைச் சொன்னேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை. "அப்ப ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பாரா, அந்தப் பக்கமா?" என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமைதோறும் அவள் அண்ணன் சைக்கிளில் டபுள்ஸ் போவோம். ஜெசி என் அப்பாவுக்கும் சேர்த்து மூன்று பொட்டலம் இட்லி கட்டிக்கொண்டு வருவாள். அணைந்த அடுப்புக்கல், கிழிந்த துண்டு, பீடித்துண்டு... எதைப் பார்த்தாலும் குனிந்து ஆராய்வோம். அப்பா பீடி குடிக்க மாட்டாரே என்றேன். ஒளிந்திருக்கிறவருக்குப் பொழுது போக வேண்டாமா, பழகியிருப்பார் என்றாள்.

ஆடிப்பூரம் வந்தது. துக்க வீடு என்பதால் கோயில் பக்கம் விடவில்லை. ரத வீதி முனையில் நின்று, வடம் பிடித்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தேர் நிலைக்குப் போய்விட்டது. அப்பா வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஓடைக்கு அந்தப் பக்கம் காக்கி டவுசர் போட்ட ஒருவர், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனார். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். ஜெசிதான் "மாமா... மாமா..." என்று கூப்பிட்டபடி தண்ணீருக்குள் ஓடினாள். வழுக்கி விழுந்து, முட்டி பெயர்ந்து, எழுந்து மறுபடி ஓடினாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

மாடு மேய்க்கிறவர்.

ஜெசி ஒரு பாறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். முட்டியிலிருந்து ரத்தம் வழிந்தது. "அவரு இல்லட்டி... உங்கப்பா இல்லட்டி..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாவாடை நுனியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டேன்.

"அழாதட்டி. எங்கப்பா செத்துப்போயிட்டாரு."

என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. அன்று ஓடைத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு இருட்டுகிற வரை அழுதேன். மூன்றாவது பொட்டலத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

முப்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது அந்தப் பக்கம் போனால் வனத்துறை கேட்டில் நிறுத்தி, எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் கேமரா மாட்டியிருக்கிறேன். பால்காரர் முதல் பேங்க்கிலிருந்து பேசுகிறவர் வரை யாரையும் நான் நம்புவதில்லை.

படம் முடிந்ததும் ஜெசிக்கு போன் போட்டேன். "நெசமாச் சொல்லு. எங்கப்பா உசுரோட இருக்காருன்னு நீ அப்ப நம்புனியா?"

"எம்புட்டு வருசமாச்சு, இப்ப எதுக்குட்டி அது?" என்றவள், மகன் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நடிப்புக்காக யாராவது முட்டியைப் பெயர்த்துக்கொள்வார்களா? மாட்டார்கள்தான். ஆனால் எனக்காக ஜெசி அதையும் செய்யக்கூடியவள்.

எதையும் துருவித் துருவிக் கேட்டுத் தீர்த்துக்கொள்கிற ஆள் நான். இதை மட்டும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.