ஏ, பி, சி போட்ட இலங்கைத் திட்டம்

காலை 9.20, வேப்பம்பட்டு ஸ்டேஷன்

இலங்கைக்குப் போய்வந்ததை எழுது எழுது என்று கம்பெனியில் பிய்த்து எடுக்கிறார்கள். காலி நகரத்துக் கோட்டை எத்தனை பெரிது, கண்டியில் குளிருமா, திருகோணமலைக் கடல் என்ன நிறம் என்பதையெல்லாம் நாலு வரியில் சொல்லிவிடலாம். என்னால் மறக்க முடியாத பயணம் அதற்கு முந்தியது. வேப்பம்பட்டில் புறப்பட்டு, புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை கேட் வரைக்கும் போனேனே, அது. அதை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அன்று பதினான்காம் தேதி. விமானம் பதினைந்தாம் தேதி, ராத்திரி ஒன்று இருபதுக்கு. இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது என்ற நிம்மதியில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்துத் திருவள்ளூர் ரயிலில் ஏறினேன்.

நான் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன், ஜெனரல் ஷிஃப்ட். என் வீட்டுக்காரர் மனோகர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் ஃபர்னஸ் ஆபரேட்டர். அவருக்கு ஒரு வாரம் ஏ ஷிஃப்ட், ஒரு வாரம் பி, ஒரு வாரம் சி. காலை ஆறு முதல் ரெண்டு வரை ஏ, ரெண்டு முதல் பத்து வரை பி, பத்து முதல் மறுநாள் காலை ஆறு வரை சி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எங்கள் வீட்டில் ஒருத்தர் முழித்திருந்தால் மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார். குக்கர் விசிலுக்குப் பயந்து சட்டியில் சோறு வடிக்கிறவள் நான். ஹாஸ்டலிலிருந்து மகள் ஃபோன் செய்தால்கூடக் குசுகுசுவென்றுதான் பேசுவேன். "ஏம்மா திருடி மாதிரி பேசற?" என்பாள்.

ஏழு நாள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் படுக்க வேண்டும். எனக்கு அது போதும். கோட்டை, கடல் எல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

காலை 10.30, பெரியபாளையம் பஸ்

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் பயணத் திட்டத்தை எடுத்து மடியில் விரித்தேன். மனோகர் தயாரித்தது. ஆலையில் ஷிஃப்ட் அட்டவணை போடுகிற கட்டம் போட்ட தாள். மேலே தேதி, பக்கத்தில் ஏ, பி, சி. 16-ஆம் தேதி ஏ: காலிக் கோட்டை. பி: உனவட்டுன கடற்கரை. சி: தூக்கம். கண்டி, திருகோணமலை, யாழ்ப்பாணம் எல்லாம் இப்படியே கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தன.

இதற்கே நாலு மாதம் சண்டை. அவருக்குப் பழைய ஊர்கள், கோட்டை, அரண்மனை வேண்டும். எனக்குக் கடல் போதும். தெற்கே தொடங்கி வடக்கே முடிப்பதா, வடக்கே தொடங்குவதா என்று தெரிந்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்டியிலிருந்து திருகோணமலை நூற்று எண்பது கிலோமீட்டர் என்றார் ஒருவர். மலைப்பாதையில் கிலோமீட்டரைப் பார்க்காதே, மணியைப் பார் என்றார் இன்னொருவர். கேட்கக் கேட்க எனக்கு இருந்த தெளிவும் போயிற்று.

அம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து சீட்டு அம்மா தாளை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பசங்க பரீச்சை டைம்டேபிளா?"

"இலங்கைக்குப் போறோம்மா. அதுக்கு."

"ஊரு சுத்தறதுக்கா இவ்ளோ கட்டம்? எம்மாடி!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

பகல் 1.10, புதுவாயல்

பெரியபாளையத்தில் பஸ் மாறி, கொல்கத்தா ஹைவே கூட்டுரோட்டில் இறங்கினேன். ஒரே லாரி, ஒரே தூசி. ரோட்டோரம் பாபுவின் ஜெராக்ஸ் கடை. பாபு பத்து வருஷம் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, விரலில் அடிபட்டுக் கடை வைத்தவன். எங்கள் டிக்கெட், விசா எல்லாம் அவன்தான் போட்டான். பாஸ்போர்ட்டுகளைக் காட்டிப் பிரிண்ட் வாங்கிக்கொண்டு, இலங்கையில் வண்டி ஓட்டப்போகும் ரவீந்திரனிடம் திட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். வந்த வேலை அவ்வளவுதான்.

பாபு திட்டத்தைப் படம் எடுத்து ரவீந்திரனுக்கு அனுப்பினான். உடனே ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, இந்த ஏ, பி, சி என்னண்டு விளங்கேல்லை. மூண்டு வாகனமோ?"

நான் ஷிஃப்டை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சரியக்கா. இண்டைக்கு இரவு வெளிக்கிட்டு, விடியப்புறம் ரெண்டே முக்காலுக்கு இறங்குவீங்கள். நான் எயாப்போட்டில நிப்பன்" என்றார்.

"இன்னிக்கு இல்லீங்க. நாளைக்கு ராத்திரி."

"டிக்கெட்டில பதினஞ்சாந் திகதி எண்டு கிடக்குதே?"

"ஆமா. பதினஞ்சு, சி ஷிஃப்ட்டு. நாளைக்கு நைட்டு."

பாபு எனக்கு ஆதரவாகத் தலையாட்டினான். கடையில் ஆதார் ஜெராக்ஸுக்கு நின்ற மூன்று பேரும் சிப்காட் ஆட்கள். ஒருத்தர், "ஒன்னு இருவதுன்னா சி ஷிஃப்ட்டு தான? சி ஷிஃப்ட்டுக்கு முந்தின நாள் தேதிதானே போடுவோம்? அக்கா சொல்றது கரெக்ட்டு" என்றார். மற்ற ரெண்டு பேரும் ஆமோதித்தார்கள். எங்கள் ஊர் ஆலைகளில் அதுதான் வழக்கம். பதினைந்தாம் தேதி ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போனவன் விடிகாலை நாலு மணிக்கு என்ன செய்தாலும் லாக்புக்கில் பதினைந்து என்றுதான் எழுதுவான். ஐந்துக்கு ஒன்று. ரவீந்திரன் தோற்றார் என்றே நினைத்தேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, உங்கட ஊரில பதினாலாந் திகதி எத்தினை மணிக்கு முடியும்?"

"பன்னண்டு மணிக்கு."

"அதுக்குப் பிறகு வாற ஒரு மணி இருபது எந்தத் திகதி?"

பாபு டிக்கெட்டைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யக்கா... இன்னிக்கு தான் யக்கா" என்றான். அழுகை வந்தது. அழக்கூட நேரமில்லை.

மாலை 3.00, சிப்காட் கேட்

புதுவாயலிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். டிரைவரிடம், "அண்ணே, பதினஞ்சாம் தேதி ஒண்ணு இருவதுன்னா என்னைக்கு?" என்று கேட்டேன். "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். ரவீந்திரன் சொன்னபோது அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆட்டோவில் ஏறியதும் மறுபடி என் பக்கம் இருப்பதுபோலப் பட்டது. வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

ஆலையில் ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மனோகருக்கு அன்று பி ஷிஃப்ட், பத்து மணிக்குத்தான் வெளியே வருவார். கேட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஆள் அனுப்பினேன். முகமெல்லாம் கரியோடு வந்து நின்றார்.

"இன்னா எஸ்தர், இங்க வந்துகீற?"

சொன்னேன். அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "ஒன்னு இருவது சி ஷிஃப்ட்டும்மா. நாளைக்கு நைட்டு. எவனோ கொயப்பி வுட்டுக்கிறான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏரோப்ளேன் இன்னா உன் லாக்புக்கப் பாத்துக்கினா பறக்குது? இன்னிக்கு நைட்டுய்யா! ஒம்போது மணி நேரத்துக்கு மேல ஆனா அங்க கதவ சாத்திடுவான்!" வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் நான் கத்திப் பேசியது அதுதான் முதல் தடவை. எங்கே கத்துவது? யாராவது ஒருத்தர் தூங்கிக்கொண்டல்லவா இருப்போம்.

மனோகர் சிரிப்பதை நிறுத்தினார். விரலை மடக்கினார், நீட்டினார். "ஐயய்யோ" என்றார்.

அடுத்த சிக்கல் அதைவிடப் பெரிது. ஃபர்னஸை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. அடுத்த ஆள் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் இவர் நகரலாம். பத்து மணிக்கு நகர்ந்தால் மீனம்பாக்கம் போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிடும். "நீ மட்டும் போய்ட்டு வா எஸ்தர். டிக்கெட்டு வேஸ்ட்டாயிடும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தனியா கெடக்கத்தான் எனக்கு வேப்பம்பட்டு இருக்குதே. அதுக்கு எதுக்கு இலங்கை?"

சி ஷிஃப்டுக்கு வர வேண்டியவர் கோட்டி, எளாவூர்க்காரர். மனோகர் அவருடைய நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

மாலை 3.25, அதே இடம்

பதினோராவது ரிங்கில் கோட்டி எடுத்தார். தூக்கக் கலக்கம். நைட்டுக்குப் போகிறவனைப் பகலில் எழுப்புவது எவ்வளவு பெரிய பாவம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? விஷயத்தைச் சொன்னேன்.

"ஒன்னு இருவதா? அப்ப நாளைக்கு தானே அக்கா?"

"கோட்டி நைனா, உன் கால்ல வுயறேன், தேதி மட்டும் கேக்காத. ஏழு மணிக்கு வந்து நின்னுடு. வந்த பிறகு கணக்கு போட்டுக்க."

கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. "சரிக்கா. நாஷ்டா துன்னுட்டு வரேன்." அவருக்கு அது காலை நேரம்.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கமானது. நான் வீட்டுக்கு ஓடிக் கைக்குக் கிடைத்ததைப் பெட்டியில் திணித்தேன். கோட்டி ஆறு ஐம்பதுக்கே வந்து நின்றாராம். மனோகர் யூனிஃபார்மோடு நேரே ஏர்போர்ட்டுக்கு வந்தார். அவருடைய செருப்பை எடுத்துவர மறந்துவிட்டேன். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவுக்குச் சோதனை மெஷின் கத்து கத்தென்று கத்தியது. அங்கே இறங்கியதும் ரவீந்திரன், "பதினஞ்சாந் திகதி வணக்கம்!" என்று வரவேற்றார்.

நான்காம் நாள், திருகோணமலை

காலிக் கோட்டையில் மதில்மேல் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அந்த ஷூவோடேயே அவர் தூங்கிப்போனார். கண்டியில் நான் தூங்கும்போது அவர் முழித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். கட்டம் போட்ட திட்டத்தை ரவீந்திரன் வண்டித் தரையில் விரிப்பாகப் போட்டுவிட்டார். இவ்வளவு தூரம் வந்தும் நம்ம வீட்டு நேரமே கூடவே வந்துவிட்டதே என்று எனக்குக் கோபம், வருத்தம், எல்லாம்.

திருகோணமலையில் கோட்டைக்குள் மான்கள் தாமாகவே திரிகின்றன. மேலே கோயில், கீழே பாறை, அதற்கும் கீழே நீலக் கடல். நாள் முழுக்க நடந்து களைத்து ரெண்டு பேரும் ஒன்பது மணிக்குப் படுத்தோம்.

விடிந்து வெளிச்சம் வந்தபிறகு கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் அவரும் முழித்திருந்தார். அலைச் சத்தம் கேட்டது. என்ன செய்வது என்று எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

"எழுந்துட்டியா?" என்றார், குசுகுசுவென்று.

"ம். நீ?" என்றேன், நானும் குசுகுசுவென்று.

அந்த அறையில் தூங்குகிறவர்கள் யாருமே இல்லை.