ராவ் பகதூர் பிறந்த அறை

திருவள்ளூரில் நாங்கள் குடியிருந்த வீட்டைக் கட்டியது ராவ் பகதூர் கஸ்தூரிரங்கத்தின் அப்பா. மகன் வெள்ளைக்காரன் காலத்தில் கவர்னர் சட்டசபை மெம்பர். ஏரிப் பாசன வரியைக் குறைக்கச் சொல்லி இங்கிலீஷில் பேசினாராம். வரி குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பின் வாரிசுகள் மெட்ராஸில் தங்கிவிட, வீடு ஆறு குடித்தனமானது. மழை பெய்தால் ஆறுக்கும் ஒரே ஒழுகல்.

பின்கட்டு அறையில் பச்சையம்மா. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் கலியனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உடைந்த ஓட்டை அவளே ஏறி மாற்றுவாள், சுவருக்குச் சுண்ணாம்பும் அவளே. வாரிசுகள் வாடகைக்கு மட்டும் ஆள் அனுப்புவார்கள்.

எழுபத்தெட்டில் ஊரில் ஒரு நினைவுக் கமிட்டி முளைத்தது. தலைவர் செங்கல்வராயன், அதே வீட்டு முன்கூடத்தில் சிமெண்ட் கடை வைத்திருந்தவர். ராவ் பகதூர் பிறந்த அறையை நினைவிடமாக்கிக்கொள்ள வாரிசுகள் சம்மதித்தார்கள். பிறந்தது முன்கூடத்தில் என்றுதான் கமிட்டி முதலில் சொன்னது. கடையைக் காலி செய்ய வேண்டும் என்று தெரிந்ததும், அவர் பிறந்த இடம் பின்கட்டுக்கு நகர்ந்தது. செத்துப்போன மனிதரை இவ்வளவு சுலபமாகக் குடி மாற்றி நான் பார்த்ததில்லை.

பச்சையம்மாவின் மகள் சந்திரகலா அப்போதுதான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாசம்.

செங்கல்வராயன் கொத்தனாரோடு வந்து இறங்கினார். 'இந்த அறையில் பிறந்த தலைமகன்' என்று கல்லில் வெட்டியிருந்தது. அவர் மனைவி ரத்னா பூஜைத் தட்டோடு பின்னால் நின்றாள்.

"பச்சையம்மா, ஒரு வாரத்துல ரூமைக் காலி பண்ணிடு. ஊருக்கே பெருமை."

"பெருமைய வடிச்சுத் துன்றதா? பொண்ணு புள்ளத்தாச்சியா கீறா. எங்க இட்டுனு போவேன்?"

"மாமியார் ஊட்ல பெத்துக்கட்டுமே."

ரத்னா சடக்கென்று திரும்பினாள். "தலச்சனைப் போயி மாமியார் ஊட்ல எவளாவது பெத்துக்குவாளா? இன்னா பேச்சு இது?"

"நல்லா கேளுக்கா," என்றாள் பச்சையம்மா. "கல்லுல தலைமகன்னு போட்டுக்கினு கீறாரு. இவரப் பெத்தவளுக்கு இதான மாமியார் ஊடு? அவளுக்கு மட்டும் அம்மா ஊடு இல்லியா?"

கொத்தனார் கல்லைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா நாகலாபுரத்துப் பொண்ணுன்னு நீங்கதான மைக்குல பேசினீங்க?" என்றாள் ரத்னா.

"அடியே, நாகலாபுரம் ஆந்திராவுல கீது! நீ எந்தக் கட்சிடி?"

"எங்கம்மா ஊட்டுக்குப் போயி பெத்தவ கட்சி."

"கல்லத் தூக்கினு பார்டர் தாண்டு நைனா," என்றாள் பச்சையம்மா.

ஊர்ப்பெருமை ஆந்திராவில் பிறந்தது என்று அறிவிக்கக் கமிட்டிக்குத் தைரியம் வரவில்லை. 'இந்த அறையில் பிறந்த' என்பதை மட்டும் கொத்தி எடுத்துவிட்டு, கல்லை வெளிமதிலில் பதித்தார்கள். யாருக்குத் தலைமகன் என்று கேட்க நாதியில்லை.

வெள்ளிக்கிழமை சந்திரகலாவுக்கு அந்த அறையிலேயே பெண் பிறந்தது. குளிப்பாட்டிய தண்ணீரைப் பச்சையம்மா முற்றத்தில் வீசினாள். அது முன்கூடம் பக்கமாக ஓடியது.

"யம்மா, சிமெண்ட் மூட்டை நனையுது!" என்று கத்தினார் செங்கல்வராயன்.

"தூக்கி மேல வெய்யி நைனா. இந்த ரூம்ல இப்பதான் ஒருத்தி நெசமாவே பொறந்துகீறா."