நோன்பின் மேல் விழுந்த பழி

பம்மலில் ஷூவுக்குத் தோல் தைக்கும் பட்டறையில், ஹஃபீசா தைத்ததைப் பிரித்துத் தைக்கச் சொன்னவர் எவரும் இல்லை. அப்படிப்பட்டவளைத்தான் ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவள்’ என்று ஒரு டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தார்.

மார்பகப் புற்றுக்கட்டியை எடுத்தபின், அது திரும்பாமலிருக்க தினம் ஒரு மாத்திரை என்றார்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட அவள் தவறவில்லை. 2009 ரம்ஜான் முடிந்த வாரம் அக்குளில் மறுபடியும் கட்டி தட்டுப்பட்டது.

"நோன்பு வச்சீங்களா?" என்றார் டாக்டர்.

"முப்பதும் வச்சா சார், ஒண்ணுகூட வுடல!" என்று கணவர் சௌகத் அலி பெருமையாகச் சொன்னார். மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அப்ப மாத்திரைய விட்டிருக்கீங்க. இதையே மூணு மாசம் ஒழுங்கா சாப்பிட்டு வாங்க."

"விடியறதுக்கு முன்ன சஹர் சாப்ட்டதும் மொத வேல அதான் சார்," என்று ஹஃபீசா சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அதற்குள் எழுதி முடித்துவிட்டார்.

மூன்று மாதத்தில் கட்டி எலுமிச்சையளவு ஆனது. "ஒரு நாளாவது மறந்துட்டியா?" என்று சௌகத் அலியும் கேட்டார். காலி மாத்திரை அட்டைகளை அள்ளி அவர் முன் கொட்டினாள். அவர் தலை நிமிரவில்லை.

மறுபடி சதை எடுத்துச் சோதித்தார்கள். அதில் ஒரு துணுக்கை, அவள் சம்மதத்தோடு, காட்டாங்குளத்தூர் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஷீலா வாங்கிப்போனாள். பிறகு அவளே வந்து சொன்னாள்.

"அக்கா, மாத்திரை போய் பிடிச்சுக்க கட்டியில ஒரு புரதம் இருக்கணும். மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு ரொம்பச் சின்னச் சமாச்சாரம், அந்தப் புரதத்தையே உருவாக விடாது. திரும்பி வந்த உங்க கட்டியில அது எக்கச்சக்கம், புரதம் சுத்தமா இல்ல. இத வச்சு வைத்தியம் பண்ற அளவுக்கு ஆராய்ச்சி இன்னும் வளரல. ஆனா தப்பு உங்க மேல இல்லக்கா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! ஹஃபீசா நேரே டாக்டர் அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"ரிப்போர்ட் பார்த்தேன்மா. மாத்திரை இனி வேண்டாம், அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கலாம்," என்றார் அவர்.

"நான் மாத்திர வுட்டேன்னு எழுதினத அடிங்க சார்."

"மருந்துதான் மாத்தியாச்சே, அதை விடுங்க."

"எப்டி வுடறது? மூணு மாசம் போச்சே, அது திரும்பி வருமா? நாளைக்கு நோன்பு வச்ச இன்னொருத்தி வந்தா அவளையும் இப்டித்தான் அனுப்புவீங்களா?"

டாக்டர் அந்த வரியை அடித்தார். ஹஃபீசா நாற்காலியை விட்டு எழவில்லை.

"இவ சொன்னத கேக்காமயே எழுதிட்டேன்னும் எழுதுங்க சார். தமிழ்ல எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியும்."